முதல் முறை கவுன்சிலருக்கு நிற்கிறீர்களா? வார்டு முன்னுரிமைப் பட்டியலை இப்படித் தயாரியுங்கள்

தேர்தல் அறிவித்துவிட்டால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை ஒரே வாசகம்தான் நோட்டீஸ்களில் இருக்கும்: “குடிநீர், சாலை, தெருவிளக்கு, வடிகால் வசதிகள் செய்து தரப்படும்.” படத்தையும் சின்னத்தையும் மாற்றிவிட்டால் ஒருவர் நோட்டீஸ் இன்னொருவருக்கு அப்படியே பொருந்தும். ஐந்து வருடம் கழித்து அதை எடுத்துவைத்துக் கேள்வி கேட்க நினைத்தாலும் பிடிமானமாக ஒரு வரியும் இருக்காது.

2022-ல் பதவியேற்ற நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027-ல் முடிகிறது. இந்த முறை நிற்கலாமா என்று யோசிக்கிற புதியவர்கள், முக்கியமாகப் பெண்களும் இளைஞர்களும், வாசகசாலையிலோ சங்கத்திலோ மகளிர் குழுவிலோ வேலைசெய்து பழகியவர்கள், மனத்தில் சமத்துவம், சுற்றுச்சூழல், உழைப்பவர் உரிமை என்று பெரிய பெரிய எண்ணங்களோடு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதை ஒரு வார்டுக்குள் எப்படி இறக்குவது? அதற்குத்தான் இந்தக் கட்டுரை. முற்போக்கு என்று நோட்டீஸில் அச்சடிக்க வேண்டியதில்லை. யாருடைய கஷ்டத்தை முதல் வரியில் எழுதுகிறீர்கள் என்பதிலேயே அது தெரிந்துவிடும்.

1. எந்த மன்றம், எந்த வார்டு

நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது, 52 வார்டுகள். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்ததுதான் மாநகராட்சியாக அதற்கு முதல் தேர்தல். குளச்சல், குழித்துறை, பத்மநாபபுரம், கொல்லங்கோடு ஆகியவை அப்போது நகராட்சிகளாகத் தேர்தலைச் சந்தித்தன. இவற்றைத் தவிர ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. பேரூராட்சி வார்டு சின்னது, சில நூறு வீடுகள்தான். எல்லோருக்கும் உங்களைத் தெரிந்திருக்கும், ஆனால் மன்றத்தின் வருமானம் குறைவு. மாநகராட்சி வார்டில் இது தலைகீழ். கிராம ஊராட்சி வேறு கதை. அங்கே வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, கிராம சபை உண்டு. இங்கே சொல்வது முழுக்க நகர்ப்புற மன்றங்களுக்கு.

வார்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016 முதல் சட்டத்தில் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. எந்த வார்டு யாருக்கு என்பது அரசிதழ் வந்த பிறகே உறுதி. ஆகவே ஒரே வார்டை மட்டும் நம்பி உட்காராமல், பக்கத்து இரண்டு வார்டுகளையும் சேர்த்தே படித்துவையுங்கள். அந்த உழைப்பு வீண் போகாது, ஓடையும் குழாயும் வார்டு எல்லை பார்த்து ஓடுவதில்லை.

சில்லறை விவரங்கள்: 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அதே உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உங்களை முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வைப்புத்தொகை 2022-ல் மாநகராட்சிக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. அடுத்த தேர்தலுக்கான அறிவிப்பில் இதை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் இப்போதே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மன்றத்தோடு ஒப்பந்தம் எடுத்து வேலை செய்பவர்கள் நிற்க முடியாது.

2. நோட்டும் பேனாவுமாக வார்டைச் சுற்றுங்கள்

பட்டியலை வீட்டில் உட்கார்ந்து எழுதக் கூடாது. கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தும் எழுதக் கூடாது. வார்டைச் சுற்ற வேண்டும், அதுவும் மூன்று வேறு வேளைகளில்.

விடிகாலை போனால் தண்ணீர் வரும் நேரம் தெரியும், தூய்மைப் பணியாளர்களைப் பார்க்கலாம், துறைமுகத்திலிருந்து மீன் எடுத்துவரும் அக்காமாரைப் பார்க்கலாம். இருட்டிய பிறகு போனால் எந்த முடுக்கில் விளக்கு எரியவில்லை, வேலை முடிந்து வரும் பெண்கள் எந்த வழியைச் சுற்றிப் போகிறார்கள் என்பது புரியும். மூன்றாவது வேளை நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழையில் குடையோடு நடக்கிற வேட்பாளருக்கு, எந்த வீட்டு வாசலில் சாக்கடைத் தண்ணீர் ஏறுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

யாரிடம் பேசுவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சாயாக் கடையில் கூடுகிற ஆண்களிடம் பேசிவிட்டு “வார்டு மக்களைச் சந்தித்தேன்” என்று வந்துவிடுகிறார்கள். முடுக்கின் கடைசி வீட்டுக்குப் போங்கள். குழாயின் கடைசி இணைப்பு யாருக்கோ அவரிடம் முதலில் கேளுங்கள். டேங்கிலிருந்து கிளம்பிய தண்ணீர் அங்கே போய்ச் சேரும்போது அழுத்தம் போயிருக்கும். வாடகை வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டு வேறு ஊரில் இருக்கும், ஆனால் குப்பையும் தண்ணீரும் இந்த வார்டில்தான். கட்டட வேலைக்கும் படகு வேலைக்கும் வந்திருக்கிற வட மாநிலத் தொழிலாளர்கள் ஒரே அறையில் பத்துப் பேர் தங்கியிருக்கிறார்களா, அவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று பாருங்கள். ஓட்டு இல்லாதவரிடம் போய் நின்றால் ஊரில் கொஞ்சம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கேள்வி மூன்று போதும். அன்றாடம் எது கஷ்டமாக இருக்கிறது? அதை இதற்கு முன்னால் யாரிடம் சொன்னீர்கள்? அவர் என்ன பதில் சொன்னார்? இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில்தான் சரக்கு இருக்கிறது. “மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு மக்கா, ஃபண்டு இல்லங்காவ” என்று ஒரு பாட்டி சொன்னால், மனு எப்போது கொடுத்தது, நகல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மன்றத்தில் பேசும்போது இந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

எழுதும்போது இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள். “தண்ணீர்ப் பிரச்சினை” என்று எழுதினால் பயன் இல்லை. எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம், அந்த நேரத்தில் மின்சாரம் இருக்கிறதா, கிணறு இருந்தால் உப்பா நல்ல தண்ணீரா என்று எழுதுங்கள். கடற்கரை ஒட்டிய வார்டுகளில் கிணற்று நீர் உவர்ப்பாக மாறுவதால், ஒரே பேரூராட்சிக்குள்ளேயே மேட்டில் இருப்பவருக்குக் குழாய் ஒரு வசதி, கரையில் இருப்பவருக்கு அது உயிர்.

3. பொருள் யாருடையது?

உங்கள் நோட்டில் இப்போது ஐம்பது அறுபது குறைகள் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். புதிய வேட்பாளர்கள் மிகவும் அலட்சியப்படுத்துவது இதைத்தான்.

அரசியலமைப்பின் 74-வது திருத்தம் நகர்ப்புற மன்றங்களுக்கு 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீர், துப்புரவு, திடக்கழிவு, சாலை, பொதுச் சுகாதாரம், சேரி மேம்பாடு, பூங்கா, சுடுகாடு, பிறப்பு–இறப்புப் பதிவு எல்லாம் அதில் உண்டு. தாளில் 18, நடைமுறையில் எல்லாம் மன்றத்தின் கையில் வந்துவிடவில்லை.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முடுக்கும் உள்தெருவும் மன்றத்துடையவை. பேருந்து ஓடும் பெரிய சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. நாகர்கோவில் வழியே திருவனந்தபுரம் போகிற நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலைக்காரர்களுடையது. பார்வதிபுரத்திலோ மார்த்தாண்டத்திலோ மேம்பாலத்துக்குக் கீழே குழி இருந்தால், “நான் ஜெயித்தால் மூடுவேன்” என்று கவுன்சிலர் வேட்பாளர் சொல்வது வெறும் வாய்ச்சொல். “ஜெயித்தால் முதல் மாதமே தீர்மானம் போட்டு அந்தத் துறைக்கு அனுப்புவேன், பதில் வரும்வரை மாதந்தோறும் கேட்பேன்” என்று சொன்னால் அது நடக்கக் கூடியது.

நீர்நிலை இன்னும் சிக்கல். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து வருகிற அனந்தனார் கால்வாய், தோவாளை கால்வாய் போன்றவையும் அவற்றால் நிரம்பும் பெரிய குளங்களும் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குள் விழுகிற சாக்கடையும் குப்பையும் உங்கள் மன்றத்துடையவை. சில குளங்கள் உள்ளாட்சிக்குச் சொந்தம், சில கோயிலுக்குச் சொந்தம். சானல்கரையில், அதாவது கால்வாய்க் கரையில், வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் பிரச்சினை வந்தால் வருவாய்த் துறையும் சேர்ந்துகொள்ளும். தாலுகா அலுவலகத்தில் புல எண் வைத்து விசாரித்தால் விடை கிடைக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் “குளத்தைத் தூர்வாருவேன்” என்று எழுதிவிட்டால், ஜெயித்த பிறகு மண்வெட்டியோடு போய் நிற்கும்போது இன்னொரு துறைக்காரர் வந்து தடுப்பார்.

கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரிகிற விளக்கு மன்றத்துடையது. ரேஷன் கடை கூட்டுறவு அல்லது உணவுத் துறை. பட்டா வருவாய்த் துறை.

அப்புறம் உங்கள் மன்றத்துக்கு எட்டாத பெரிய விஷயங்கள் இருக்கின்றன. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிமம் எடுக்கும் திட்டத்துக்குக் கடற்கரை ஊர்களில் எழுந்த எதிர்ப்பு உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் இனயம் துறைமுகத் திட்டம். இவற்றுக்கு அனுமதி தருவதோ மறுப்பதோ பேரூராட்சி மன்றத்தின் அதிகாரம் இல்லை. ஆனாலும் உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லத்தான் வேண்டும், வாக்காளர் கேட்பார்கள். மன்றத் தீர்மானத்துக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் சக்தி இல்லாவிட்டாலும், கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் நீதிமன்றத்திலும் ஓர் ஆவணமாக நிற்கும். அதை அந்த அளவிலேயே சொல்லுங்கள். ஒரு நூல் கூடுதலாகச் சொன்னாலும் பின்னால் ஏமாற்றியவர் ஆகிவிடுவீர்கள்.

4. எதை முன்னால் வைப்பது

அறுபதையும் அச்சடிக்க முடியாது. நான்கு அல்லது ஐந்து போதும். எந்த நான்கு என்பதில்தான் உங்கள் அரசியல் இருக்கிறது. அதிகம் பேர் கேட்டதை மேலே வைப்பது ஒரு வழி. நான் சொல்கிற வழி வேறு: எது சரியாகாவிட்டால் ஒருவருடைய உடலோ கூலியோ மானமோ போகிறதோ அதை மேலே வையுங்கள். அப்படிப் பார்த்தால் நம் மாவட்டத்து வார்டுகள் பலவற்றில் இவை மேலே வரும்.

தண்ணீர், கடைசி வீட்டிலிருந்து. நாகர்கோவில் நெடுங்காலம் முக்கடல் அணையை நம்பியிருந்தது. கோடையில் அது இறங்கினால் நகரம் தவிக்கும். அதனால்தான் புத்தன் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் வந்தது. ஆனால் அணையில் தண்ணீர் இருப்பதும் முடுக்கின் கடைசிக் குழாயில் வருவதும் ஒன்றல்ல. கவுன்சிலரால் செய்ய முடிந்தது பகிர்வைச் சரிசெய்ய வைப்பது: எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்ற அட்டவணையை வார்டில் நாலு இடத்தில் ஒட்டச் செய்வது, நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதைப் பிடிப்பது, அழுத்தம் வராத தெருவுக்குத் தனி வால்வு கேட்பது. மோட்டார் விஷயத்தில் கைவைத்தால் வசதியான சில வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சாமிதோப்பில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்க அய்யா வைகுண்டர் முத்திரிக் கிணறு வெட்டச் செய்த மண் இது. தண்ணீரில் சமம் என்பதை இங்கே யாருக்கும் புதிதாக விளக்க வேண்டாம், வால்வில் நடத்திக் காட்டினால் போதும்.

தூய்மைப் பணியாளர்கள். வார்டின் குப்பையைப் பற்றி எல்லா வேட்பாளரும் எழுதுவார்கள், அதை அள்ளுகிறவரைப் பற்றி எழுதுபவர் குறைவு. இன்று பல மன்றங்களில் இந்த வேலை ஒப்பந்தக்காரர் வழியாக நடக்கிறது. மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த கூலி கையில் வருகிறதா, வருங்கால வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா, மாதத்தில் எந்தத் தேதி சம்பளம், கையுறையும் பூட்ஸும் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். வேலை நேரத்தில், மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். மன்றத்தில் ஒப்பந்தப் பில் ஒப்புதலுக்கு வரும்போது, வைப்பு நிதி கட்டிய சலான் இணைத்திருக்கிறதா என்று ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்டால் பாதிப் பிரச்சினை அடங்கும். பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. இறந்த பிறகு பணம் வாங்கித் தருவதற்கு யாரும் கவுன்சிலராக வேண்டாம். இயந்திரம் இருக்கிறதா, ஓடும் நிலையில் இருக்கிறதா என்பதை வாக்குறுதியில் எழுதுங்கள்.

குப்பை பிரிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். நாகர்கோவிலின் வலம்புரிவிளைக் கிடங்கில் எத்தனை தடவை தீப்பிடித்துப் புகை கிளம்பியது என்று அந்தப் பக்கத்து மக்களைக் கேட்டால் சொல்வார்கள். நகரம் முழுவதும் போடுகிற குப்பையின் புகையை ஒரு பகுதி மட்டும் சுவாசிக்கிறது. வீட்டிலேயே பிரித்து, மக்கும் குப்பையை வார்டு அளவில் உரமாக்கினால்தான் கிடங்குக்குப் போகிற லாரி குறையும். எல்லை தாண்டி கேரளத்திலிருந்து இறைச்சிக் கழிவு ஏற்றிவரும் வண்டிகள் மீது நமக்கெல்லாம் கோபம் உண்டு, நியாயமான கோபம். ஆனால் நம்ம வீட்டுக் குப்பையைப் பிரிக்காமல் அதை மட்டும் மேடையில் முழங்குவது எளிதான அரசியல்.

தெருவோர வியாபாரிகள். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் நிறையப் பேர் நினைப்பதைவிட வலுவானது. கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. இந்தச் சட்டப்படி ஊருக்கு ஊர் அமைய வேண்டிய நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது? இந்த ஒரு கேள்வியே நல்ல தேர்தல் பிரச்சாரம். வடசேரி சந்தையைச் சுற்றியும் ஒவ்வொரு ஊர் முக்கிலும் மீன், கிழங்கு, பூ, பழம் விற்கிற பெண்களுக்கு நிழல், தண்ணீர், கழிப்பறை மூன்றும் வேண்டும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது மாநிலம் முழுவதும் பேச்சானது. பேருந்து உங்கள் மன்றத்தின் கையில் இல்லை. ஆனால் அந்தம்மா கூடையை இறக்கி வைத்து உட்கார ஓர் இடமும், கை கழுவ ஒரு குழாயும் உங்கள் கையில் இருக்கின்றன.

பெண்களுக்கான கழிப்பறையைத் தனியாகவே எழுதலாம். கட்டிவிட்டுப் பூட்டி வைத்திருக்கும் கழிப்பறைகளையும் கணக்கெடுங்கள். புதிதாகக் கட்டுவதைவிடப் பூட்டைத் திறந்து, தண்ணீர் விட்டு, ஆள் போடுவது மலிவு. ஆனால் திறப்புவிழாவும் கல்வெட்டும் கிடைக்காது என்பதால் யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை.

குளமும் ஓடையும். சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தன, மாவட்டத்துக்குப் பெருமை. அதே நேரம் ஊருக்குள் இருக்கிற சின்னக் குளங்கள் குப்பை கொட்டும் இடமாகி, பிறகு மனையாகி விடுகின்றன. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெய்த மழையில் தண்ணீர் எங்கே நின்றது என்று உங்கள் வார்டு வரைபடத்தில் வட்டமிடுங்கள். அந்த வட்டங்களிலிருந்து கீழ்நோக்கி ஓடை எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பாருங்கள். கிடைக்கிற இரண்டு மூன்று இடங்கள்தான் உங்கள் வாக்குறுதி. ஆனால் ஒன்று. ஆக்கிரமிப்பு அகற்றுவது என்று கிளம்பினால் முதலில் குடிசைகள்தான் போகும், மதில் கட்டி வளைத்தவரின் கார் ஷெட் அப்படியே இருக்கும். எந்த ஆக்கிரமிப்பு முதலில், குடியிருப்பவருக்கு மாற்று இடம் எங்கே என்பதைச் சொல்லாமல் அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள், நாய்த் தொல்லை, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை இவையும் வார்டைப் பொறுத்து மேலே வரலாம். மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக மன்றத்தில் சேர்க்க 2025-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் வார்டில் அப்படி யாராவது இருந்தால் பட்டியல் எழுதும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள்.

5. காசு எங்கிருந்து?

மாநகராட்சி, நகராட்சிக் கணக்குகள் பொதுவாக மூன்று பிரிவாக இருக்கும்: வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. சொத்து வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை ஆகியவை சொந்த வருமானம். மீதி மத்திய, மாநில அரசுகளின் மானியம். மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பெரும் பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிக் கொடுக்கப்படுகிறது. அதைச் சாலைக்குத் திருப்ப முடியாது. ஆகவே “நிதி இல்லை” என்று ஒருவர் சொன்னால் “எந்த நிதியில் இல்லை?” என்று கேட்கப் பழகுங்கள்.

பட்ஜெட் புத்தகத்தைப் படியுங்கள். முதல் பக்கம் பயமுறுத்தும். உங்கள் நான்கு விஷயங்களுக்கான வரிகளை மட்டும் தேடி, போன வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். ஒதுக்கி, செலவாகாமல் கிடக்கிற வரி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்தப் பணத்தைக் கேட்க எந்த வரியையும் கூட்ட வேண்டியதில்லை.

சொத்து வரியைக் குறைப்பேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2022-ல் மாநிலம் முழுவதும் வரி உயர்ந்தபோது நம் ஊர் மன்றங்களில் 600 சதுர அடிக்குக் கீழ் உள்ள வீடுகளுக்கு 25 சதவீத உயர்வு, 1,800-க்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீத உயர்வு என்று படிநிலை வைத்தார்கள். தனி ஒரு கவுன்சிலரால் அதை மாற்ற முடியாது. ஆனால் பெரிய கட்டடங்கள் உண்மையான பரப்புக்கு வரி கட்டுகின்றனவா என்று பார்க்க வைக்கலாம். ஏழை வீட்டுக்காரர் பாக்கி வைத்தால் குழாய் இணைப்பைத் துண்டிக்க வருகிற வேகம், வணிக வளாகத்தின் பாக்கிக்கும் வர வேண்டும் என்று கேட்கலாம்.

நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக ஒரு பகுதி கட்டினால் அரசு மீதியைத் தரும். நல்ல திட்டம்தான். ஆனால் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற தெரு சீக்கிரம் பங்கைக் கட்டிவிடும், கூலிக்காரர் தெரு கட்டாது. அதையே நம்பினால் வசதியான தெருவுக்கு மேலும் வசதி சேரும். கூலிக்காரர் தெருவுக்கு மன்றத்தின் சொந்த நிதியைக் கேளுங்கள்.

6. எழுதும் முறை

ஒவ்வொரு வாக்குறுதியிலும் இடம், செய்யப்போகும் காரியம், யார் பொறுப்பு, எந்த நிதி, எப்போதைக்குள் என்ற ஐந்தும் இருக்கட்டும். உதாரணத்துக்கு, “வார்டில் சுகாதாரம் மேம்படுத்தப்படும்” என்பதை இப்படி மாற்றலாம்:

“சந்தை முக்கில் பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிப்பறையைப் பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் திறக்கச் செய்வேன். தண்ணீர் இணைப்புக்கும் பராமரிப்பு ஆளுக்கும் மன்றத்தின் வருவாய் நிதியில் ஒதுக்கீடு கேட்டு இரண்டாவது மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவருவேன். தீர்மானம் தோற்றால் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதை வார்டில் எழுதி ஒட்டுவேன்.”

கடைசி வாக்கியம் முக்கியம். நீங்கள் மன்றத்தில் ஒரே ஓட்டு. நாகர்கோவிலில் 52-ல் ஒன்று. மேயரையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் அந்த ஒரு நாள் உங்கள் ஓட்டுக்குக் கிராக்கி இருக்கும்; மற்ற நாளில் உங்கள் தீர்மானத்துக்கு ஆள் சேர்க்க வேண்டியது நீங்கள்தான். “செய்வேன்” என்பதையும் “கேட்பேன்” என்பதையும் தனித்தனியாக எழுதிவிட்டால் வாக்காளரும் புரிந்துகொள்வார், நீங்களும் இரவில் தூங்கலாம்.

மொழி எளிதாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலில் பதிந்து வாட்ஸாப்பில் அனுப்பலாம்.

7. ஊருக்குள் கொண்டுபோகும்போது

நம் மாவட்டத்தில் ஓட்டுக் கணக்கைச் சாதியும் மதமும் வைத்தே போடுவார்கள். பங்குச் சாமியாரைப் பாருங்கள், கோயில் கமிட்டியைப் பாருங்கள், ஜமாத்தைப் பாருங்கள் என்று ஆலோசனை வந்துகொண்டே இருக்கும். பாருங்கள், தவறில்லை. ஆனால் மூன்று இடத்திலும் ஒரே தாளைக் கொடுங்கள். ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் வேறு என்று பேசினால் மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சப்பரம் போகும் வழி, கொடிக்கம்பம், குருசடி, மைக் செட் என்று சின்னச் சின்னதாகத் தொடங்குகிற தகராறுகளில் ஒரு பக்கம் சாய்ந்து ஓட்டு வாங்குவது சுலபம். உங்கள் பட்டியலில் இருக்கிற ஓடையும் குழாயும் இரண்டு பக்கத்து வீட்டையும் தொடுகிறவை. பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பெண் வேட்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. கணவரோ அண்ணனோ பக்கத்தில் நின்று பதில் சொல்லத் தொடங்குவார்கள், அன்பினால்தான். முதல் கூட்டத்திலேயே அதை நிறுத்திவிடுங்கள். பட்டியலை எழுதியவர் நீங்கள் என்றால் எண்கள் உங்கள் வாயில்தான் வர வேண்டும்.

செலவுக் கணக்கை முதல் நாளிலிருந்து எழுதுங்கள். வரம்பு உண்டு, கணக்கை ஒப்படைக்காவிட்டால் அடுத்த முறை நிற்பதற்கே தடை வரலாம்.

8. வென்ற பிறகும் தோற்ற பிறகும்

வென்றால் முதலில் பிடிக்க வேண்டியது வார்டு கமிட்டியும், வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் பகுதி சபையும். 2022-ல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. நமக்கு அது 1956-ல் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்த நாளும்கூட; விடுமுறை, விழா எல்லாம் இருக்கும், மக்களைக் கூட்ட வசதி. வார்டு கமிட்டிக்குக் கவுன்சிலர்தான் தலைவர். பகுதி சபையைப் பேருக்கு நடத்தி, வேண்டியவர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு முடிப்பதுதான் பல இடங்களில் வழக்கம். நீங்கள் தூய்மைப் பணியாளர், மீன் விற்கும் பெண்கள், வாடகைக் குடித்தனக்காரர் வருகிற மாதிரி மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். உங்கள் ஐந்து வாக்குறுதியையும் ஒவ்வொன்றாக வாசித்து, எது முடிந்தது, எது மன்றத்தில் நிற்கிறது, எது எந்தத் துறையில் தூங்குகிறது என்று சொல்லிவிட்டு மைக்கைக் கீழே கொடுத்துவிடுங்கள்.

டெண்டர் விஷயத்தில் ஒன்று. வேலை உத்தரவின் நகலை வாங்கி, எத்தனை மீட்டர், என்ன கனம், எந்த ஒப்பந்தக்காரர், எவ்வளவு தொகை என்று வேலை நடக்கும் தெருவிலேயே எழுதி ஒட்டுங்கள். தெருக்காரர்களே அளந்து பார்த்துக்கொள்வார்கள்.

தோற்றாலும் பட்டியல் செல்லாததாகி விடாது. பகுதி சபைக்கு வாக்காளராக நீங்களும் போகலாம், வென்றவரிடம் உங்கள் நோட்டைக் கொடுத்து “இந்த இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கலாம்; எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மன்றத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள்: நகர விற்பனைக் குழு கடைசியாகக் கூடிய தேதி, தூய்மைப் பணி ஒப்பந்தத்தின் நகல், பூட்டிய கழிப்பறைக்குச் செலவிட்ட தொகை. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதுங்கள், அனுப்பிய பதிவுத் தபால் ரசீதை நோட்டிலேயே ஒட்டிவையுங்கள்.